முற்றமும் மலரும்

வீடு என்பது நான்கு சுவர்களும் ஒரு கூரையும் மட்டும் அன்று. வெயிலையும் மழையையும் தடுப்பதற்காக மனிதன் கூரை வேய்ந்தான்; ஆனால் அக்கூரையின் கீழ் முற்றிலும் அடைபட்டு வாழ அவன் மனம் ஒருப்படவில்லை. காற்றும் ஒளியும் அவனுக்கு வேண்டியிருந்தன. நிலவும் விண்மீனும் வேண்டியிருந்தன. மண்ணில் வேரூன்றி நிற்கும் செடி ஒன்றேனும் கண்ணெதிரே இருத்தல் வேண்டியிருந்தது. ஆகவே தன் இல்லத்தின் நடுவே வானத்தில் ஒரு துண்டைக் கூரையிடாமல் விட்டு வைத்தான். அதற்கு முற்றம் என்று பெயரிட்டான்.

முற்றத்தைப் பற்றிய எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. இல்லத்தின் முன்னிடத்தை 'இல்முன்' என்று கூறுவதே முறை. அச்சொல் முன்பின்னாக மாறி, 'முன்றில்' என்று வழங்கலாயிற்று. இதனை இலக்கண நூலார் இலக்கணப்போலி என்பர். நெடுநல்வாடை என்னும் சங்க நூல், மணல் பரப்பிய அரண்மனை முற்றத்தை நமக்குக் காட்டுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறுகின்றார். முற்றத்தையும் மலரையும் இவ்வளவு நுணுகிக் கண்ட மக்கள், அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்துத் தம் வாழ்வில் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

அவ்வாழ்வின் சுவடுகளை இன்றும் காண விரும்புவோர் தாமிரபரணிக் கரைக்குச் செல்லுதல் வேண்டும். திருநெல்வேலிக்கு மேற்கே மலைத்தொடர் நீல மதில்போல் நிற்கிறது. அம்மலையில் தோன்றி, பாறைகளில் அருவியாக வீழ்ந்து, சமவெளிக்கு இறங்கும் ஆறுகளுள் ஒன்று மணிமுத்தாறு. இவ்வாற்றின் குறுக்கே கட்டப்பெற்ற அணை 1958ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் முழு நீர்மட்டம் 118 அடி. மழைக்காலத்தில் வீணே பெருகி ஓடிய நீர் அணையில் தேங்கியது. கால்வாய் வழியாகத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களை நாடிச் சென்றது. அணையைத் தாண்டி வரும் மணிமுத்தாறு தாய் ஆறாகிய தாமிரபரணியோடு கலக்கிறது. அத்தாமிரபரணியின் வடகரையில் அம்பாசமுத்திரமும் தென்கரையில் கல்லிடைக்குறிச்சியும் எதிரெதிரே அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி ஊட்டி வளர்ப்பதால், இங்கு வயல்களுக்கு நீர் உண்டு. வீட்டுக் கிணறுகளிலும் நீர் உண்டு. நீருள்ள இடத்தில்தானே மலர் சிரிக்கும்?

மணிமுத்தாற்றிலிருந்து கிழக்கு நோக்கி வருபவர் சிறிது நேரத்தில் கல்லிடைக்குறிச்சியை அடைவர். அப்பளத்தால் பெயர்பெற்ற ஊர் அது. அதன் பழந்தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. ஒரு வீட்டின் சுவருக்கும் அடுத்த வீட்டின் சுவருக்கும் இடையே கையளவு இடைவெளியும் இல்லை. 'இவ்வீடுகளுக்குள் காற்று எவ்வாறு நுழையும்? ஒளி எவ்வாறு புகும்?' என்று புதிதாக வருவோர் ஐயுறுதல் இயல்பே. வாயிற்படி ஏறித் திண்ணையைக் கடந்து, இருண்டு குறுகிய இடைகழியின் வழியே பத்தடி சென்றால் ஐயம் நீங்கும். திடீரெனக் கண்முன் ஒளி வெள்ளம் பாய்கிறது. நடுவே சதுரமான முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், மேலே நீல வானம். முற்றத்தின் நடுவே துளசி மாடம், மூலையில் பவழமல்லி, தூணைப் பற்றி ஏறும் பிச்சிக்கொடி, சுவரோரத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். வெளியே தெருவில் தெரியாத ஒரு தோட்டத்தை வீடு தன் நெஞ்சுக்குள் மறைத்து வைத்திருக்கிறது!

இம்முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அதன் அமைப்பில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. வெப்பமுற்ற காற்று இலேசானது. அது மேலெழும்பி முற்றத்தின் வழியே வெளியேறுகிறது. அவ்விடத்தை நிரப்ப இடைகழியின் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் வானத்தை நோக்கித் திறந்து கிடக்கும் தரை தன் வெம்மையை இழந்து குளிர்கிறது. அக்குளிர்ச்சி மறுநாள் முற்பகல் வரையில் வீட்டுக்குள் தங்குகிறது. மாலையில் தரையில் தெளிக்கும் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. செடிகளின் இலைகளும் இத்தொழிலையே ஓயாமல் செய்கின்றன. விசிறியும் மின்சாரமும் இல்லாத காலத்தில், சித்திரை வெயிலிலும் நடுப்பகலில் தாழ்வாரத்தில் பாய் விரித்து உறங்க முடிந்தமைக்குக் காரணம் இதுவே.

மழைக்காலத்தில் முற்றத்தின் பணி வேறு. நாற்புறத்து ஓடுகளும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், கூரைமேல் விழும் நீர் முழுவதும் முற்றத்தில் வந்து இறங்குகிறது. அண்டாக்களையும் குடங்களையும் வரிசையாக வைத்து மழைநீர் பிடிப்பது வீட்டுச் சிறுவர்க்கு ஒரு விளையாட்டு. எஞ்சிய நீர் அங்கணத்தின் வழியே புறக்கடைக்குச் செல்கிறது. அங்கே அந்நீரை எதிர்பார்த்து வாழையும் சேம்பும் கல்வாழையும் நிற்கின்றன. பாத்திரம் கழுவிய நீரும் அங்கேதான் போகிறது. கழிவுநீரில் செழித்த கல்வாழை செந்நிறப் பூவாகச் சிரிக்கிறது. வீட்டில் எந்தப் பொருளும் வீணாவதில்லை என்பதற்கு அம்மலரே சான்று.

முற்றத்து மலர்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு மற்றொரு புதுமையும் புலப்படும். அவை வீட்டின் கடிகாரம். விடியற்காலையில் பவழமல்லி உதிர்ந்து, வெண்ணிற இதழும் செந்நிறக் காம்புமாகத் தரையில் கம்பளம் விரிக்கும். கதிரவன் எழுந்ததும் செம்பருத்தி விரியும். மாலைக்குள் அது வாடிச் சுருண்டுவிடும். வெயில் ஏறியபின் பத்துமணிப்பூ கண் திறக்கும். பொழுது சாயத் தொடங்கும் நான்கு மணியளவில் அந்திமந்தாரை மலரும். விளக்கேற்றும் நேரத்தில் பிச்சியும் மல்லிகையும் மணம் பரப்பும். இரவில் மலரும் பூக்கள் பெரும்பாலும் வெண்ணிறமாகவும் நறுமணம் மிக்கனவாகவும் இருப்பது ஏன்? இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு வழிகாட்ட வெண்மையும் மணமுமே ஏற்றவை. சுவீடன் நாட்டுத் தாவரநூல் அறிஞராகிய லின்னேயஸ், மலர்கள் விரியும் நேரங்களைக் குறித்து ஒரு மலர்க் கடிகாரத்தை 1751ஆம் ஆண்டில் தம் நூலில் விவரித்தார். கடிகாரம் இல்லாத வீட்டில் அந்திமந்தாரையைப் பார்த்து மாட்டைக் கறக்கச் சென்ற தமிழ்ப் பெண்டிர், நூல் எதனையும் எழுதிற்றிலர்; ஆயினும் அவ்வறிவு அவர்களிடமும் இருந்தது.

செல்வர் வீட்டு முற்றம் ஒரு குடும்பத்துக்கு உரியது. திருநெல்வேலி நகரிலோ, பல குடும்பங்கள் கூடி வாழும் முற்றங்களும் உண்டு. அவற்றுக்கு 'வளவு' என்று பெயர். நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில், ஒரு பொதுவாயிலின் வழியே நுழைந்தால் நடுவே நீண்ட முற்றமும் அதன் இருமருங்கும் சிறு சிறு வீடுகளும் காணப்படும். எல்லா வீட்டுக்கும் கிணறு ஒன்றே. துணி துவைக்கும் கல்லும் ஒன்றே. பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்பவர்களே அங்கு வாழ்வர். தனித் தோட்டம் வைக்க அவர்க்கு இடம் ஏது? ஆயினும், ஒவ்வொரு வாயிற்படியின் அருகிலும் உடைந்த பானையிலோ பழைய தகரத்திலோ ஒரு செடி நிற்கும். ஒரு வீட்டில் கனகாம்பரம், அடுத்த வீட்டில் கேந்தி, எதிர்வீட்டில் மருக்கொழுந்து. கிணற்றடியில் சிந்தும் நீரை உண்டு வளரும் பிச்சிக்கொடியோ எல்லார்க்கும் பொது.

அக்கொடியில் அரும்பு பறிக்கும் நேரம் மாலை. பறித்த அரும்புகளைத் தாழ்வாரத்தில் குவித்துச் சுற்றிலும் பெண்கள் அமர்வர். வாழைநாரை நீரில் நனைத்து, இருபுறமும் இரண்டிரண்டு அரும்பாக வைத்து முடிந்து சரம் தொடுப்பர். தொடுக்கும் கைகள் ஓய்வதில்லை. பேசும் வாய்களும் ஓய்வதில்லை. ஒருவர் வீட்டு நோயும், இன்னொருவர் மகனின் தேர்வும், வேறொருவர் மகளின் திருமணமும் அங்கே எல்லாருடைய கவலையும் ஆகிவிடும். தொடுத்த சரத்தைப் பங்கிடும்போது, செடிக்கு நீர் ஊற்றியவர் யார் என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை. சுவாமிக்கு ஒரு முழம். பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு ஒரு சாண். புதிதாகக் குடிவந்த வீட்டுக்கும் ஒரு துண்டு. வளவில் சண்டையும் உண்டு. நீர் இறைப்பதிலும் குப்பை கொட்டுவதிலும் பூசல் எழுவதுண்டு. ஆயினும், காலையில் முகந்திருப்பிக் கொண்டவர்களை மாலையில் ஒன்றாக அமர வைக்கும் ஆற்றல் அந்தப் பூக்கூடைக்கு இருந்தது.

மார்கழி மாதத்தில் இப்பகுதியின் முற்றங்கள் புத்தொளி பெறும். வைகறையில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பிடித்த உருண்டைகளின்மேல் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவே வைப்பர். மாலையில் அப்பூக்களை எறிந்துவிடுவதில்லை. சாணத்தோடு சேர்த்து வறட்டியாகத் தட்டி உலர்த்தி வைப்பர். தை மாதத்தில் ஒரு நாள் சிறுமியர் தாங்களே மண்ணால் ஒரு சிறுவீடு கட்டுவர். அதற்கும் அறைகள் உண்டு, அடுப்பும் உண்டு. அவ்வீட்டின் முன் பொங்கலிட்டு மகிழ்வர். இதற்குச் சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். பின்னர், மார்கழி முழுவதும் சேர்த்த பூ வறட்டிகளையும் சிறிது பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குச் சென்று, சூடம் ஏற்றி நீரில் மிதக்க விடுவர். முற்றத்தில் பூத்த மலர் ஆற்றிலே சென்று கலக்கிறது. ஆற்று நீரால் வளர்ந்ததை ஆற்றுக்கே நன்றியுடன் திருப்பித் தரும் இச்சிறுமியரின் செயலைக் கண்டு மனம் நெகிழாதார் யாவர்?

இத்தகைய மலர் முற்றங்களை உலகமே சென்று காணும்படி வைத்திருக்கும் நகரம் ஒன்று மேலைநாட்டில் உண்டு. அது ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் உள்ள கார்டோபா நகரம். உரோமானியர் காலத்திலேயே சிறந்திருந்த அந்நகரம், 756ஆம் ஆண்டு முதல் இசுலாமிய அரசர்களின் தலைநகராக விளங்கியது. அறிஞர்களும் மருத்துவர்களும் நூல்நிலையங்களும் நிறைந்து, ஐரோப்பாவின் கண்போல் அது அந்நாளில் திகழ்ந்தது. 1236ஆம் ஆண்டில் கிறித்தவ மன்னர் பெர்டினாந்து அதனைக் கைப்பற்றினார். ஆட்சிகள் மாறின, சமயங்கள் மாறின, மொழியும் மாறிற்று. ஆனால் வீட்டின் நடுவே முற்றம் வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. உரோமானியர் தம் முற்றத்தின் நடுவே மழைநீர்த் தொட்டி அமைத்தனர். அராபியர் நீரூற்றும் நிழல்மரமும் சேர்த்தனர். பின்வந்தோர் அவற்றைப் பூந்தொட்டிகளால் நிரப்பினர். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் அந்நகரத்தில், முற்றம் இன்பப் பொருள் அன்று. உயிர் காக்கும் பொருளே ஆகும்.

அங்கும் பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சூழ்ந்து வாழ்ந்த வீடுகள் இருந்தன. கிணறும் துணி துவைக்கும் தொட்டியும் சமையலிடமும் பொதுவாக இருந்தன. நெல்லையின் வளவிலிருந்து ஒருவர் அங்குச் சென்றிருப்பாராயின், தம் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே எண்ணியிருப்பார். சுண்ணாம்பு பூசிய வெண்சுவர்களில் தரைமுதல் மேல்மாடி வரையில் நூற்றுக்கணக்கான தொட்டிகள் தொங்குகின்றன. அவற்றில் செரேனியமும் கார்னேசனும் பூத்துக் குலுங்குகின்றன. மல்லிகை இனக் கொடிகள் தூண்களில் படர்கின்றன. தரையில் கூழாங்கற்கள் கோலம்போல் பதிக்கப்பட்டுள்ளன. உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு நீர் ஊற்றுவது எப்படி? நீண்ட கோலின் நுனியில் ஒரு சிறு தகரக் குவளையைக் கட்டி, அதில் நீர் முகந்து மேலே நீட்டி ஊற்றுகின்றனர். இப்பணியைப் பெரும்பாலும் மூதாட்டியரே தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்துள்ளனர். கோலை உயர்த்தி நீர் ஊற்றும் பெண்ணொருத்தியின் சிலையை அந்நகரத்தார் தெருவிலே நிறுவியுள்ளனர். படைத்தலைவர்க்குச் சிலை எழுப்பும் உலகில், பூச்செடிக்கு நீர் ஊற்றியவளுக்கும் ஒரு நகரம் சிலை எழுப்பியுள்ளது!

கார்டோபா நகராட்சி 1921ஆம் ஆண்டில் முற்றங்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. பின்னர் 1933 முதல் அதனை மீண்டும் நடத்தத் தொடங்கியது. உள்நாட்டுப் போரால் இடையே நின்றுபோன விழா, 1944ஆம் ஆண்டில் மறுபடியும் உயிர்பெற்றது. ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், போட்டியில் கலந்துகொள்ளும் வீடுகளின் கதவுகள் எல்லார்க்கும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வருவோர் குறுகிய சந்துகளில் வரிசையாக நின்று, முன்பின் அறியாதார் வீட்டுக்குள் சென்று, மலர்களைக் கண்டு, வீட்டுக்காரரோடு சில சொற்கள் பேசித் திரும்புகின்றனர். இவ்விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

கடல்கள் பல இடையிட்ட இவ்விரு முற்றங்களுக்கும் உறவு உண்டோ? உண்டு. கார்டோபாவின் பெரிய பள்ளிவாசல் இன்று தேவாலயமாக உள்ளது. அதன் முன்புறம் ஆரஞ்சு மரங்கள் நிறைந்த முற்றம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தை ஸ்பெயின் மக்கள் 'நரங்கா' என்பர். அராபியர் 'நாரஞ்சு' என்பர். இச்சொல் வடமொழியின் 'நாரங்கம்' என்பதிலிருந்து சென்றது. அதன் வேர் திராவிட மொழியைச் சேர்ந்தது என்றும், நம் 'நாரத்தை' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்றும் மொழியறிஞர் பலர் கருதுவர். ஆகவே, தாமிரபரணிக் கரையில் ஊறுகாய்க்காகப் புறக்கடையில் நிற்கும் நாரத்தையின் பெயர், அராபியர் நாவில் ஏறி, குவாதல்கிவிர்க் கரையின் முற்றத்தில் நிழல் பரப்பிக் கொண்டிருக்கிறது எனலாம்.

மலர்களின் கதையும் இத்தகையதே. நம் கோயில் மாலைகளில் இடம்பெறும் கேந்தி, மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. அந்திமந்தாரையும் பத்துமணிப்பூவும் காகிதப்பூவும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. கார்டோபாவின் சுவர்களை நிறைக்கும் செரேனியத்தின் தாயகம் தென்னாப்பிரிக்கா. விருந்தாக வந்த செடிகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்றியதால் அவை வீட்டு மக்களாயின. மரபு என்பது பூட்டி வைத்த பெட்டி அன்று. வருவதை வரவேற்றுத் தனதாக்கிக் கொள்ளும் முற்றமே மரபு ஆகும்.

இவ்விரு முற்றங்களுக்கும் வேறுபாடும் இல்லாமல் இல்லை. அங்கே மலர் செடியிலேயே இருந்து கண்ணுக்கு விருந்தாகிறது. இங்கே மலர் பறிக்கப்பட்டுப் பலர் கைக்குப் போகிறது. இது பெருமைக்குரியதே. ஆனால் பெருமையைக் கூறுமிடத்தில் குறையை மறைத்தல் அறம் ஆகாது. நம் பழைய முற்றங்கள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பிறப்பின் பெயரால் மக்களை உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரித்த காலத்தில், ஊரில் பலர் திண்ணையைத் தாண்டி நுழைய இயலவில்லை; தெருவுக்குள் வரவும் சிலர் அஞ்சினர். அம்முற்றத்துச் சுவரை எழுப்பியவரும், அதன் நெல்லை விளைவித்தவரும், அதன் பூவைக் கண்டதில்லை. வீட்டுப் பெண்டிர்க்கும் அச்சதுர வானமே உலகமாக இருந்தது. அதற்கு அப்பால் உள்ள வானத்தைக் காண அவர்க்கு உரிமை இல்லை. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, தீண்டாமையை ஒழித்துவிட்டதாக விதித்தது. பெண்கள் கல்வி பெற்று வெளியுலகில் தொழில் புரிகின்றனர். கதவு அடைத்த முற்றத்தின் அழகைவிட, கதவு திறந்த முற்றத்தின் அழகே அழகு. பழையதைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

இன்றோ, முற்றங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பெருங்குடும்பங்கள் பிரிகின்றன, பாகம் பிரிக்கும்போது முற்றத்தின் நடுவே சுவர் எழுகிறது. தரையை அளந்து பங்கிடலாம்; ஆனால் காற்றும் நிலவும் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. இரண்டாகப் பிரிந்த முற்றம் இருண்ட சந்தாகிவிடுகிறது. திருடர்க்கும் மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்கும் அஞ்சிச் சிலர் இரும்புக் கம்பி அடைக்கின்றனர்; பின்னர் அதன்மேல் தகடும் போடுகின்றனர். பிள்ளைகள் தொலைநகரங்களில் தொழில் புரிய, முதியோர் மட்டும் தனித்திருக்கும் வீடுகளில் செடிக்கு நீர் ஊற்ற ஆள் இல்லை. வளவுகள் இடிக்கப்பட்டுக் கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறுகின்றன. யாரையும் குறை கூறிப் பயனில்லை. ஒழுகும் ஓட்டைச் செப்பனிடப் பணம் வேண்டும்; மழைக்காலத்தில் நனையாமல் அடுக்களைக்குச் செல்ல வேண்டும் என்று விரும்புவதும் குற்றமன்று.

கார்டோபாவிலும் கவலை இல்லாமல் இல்லை. கோலும் குவளையும் ஏந்திய மூதாட்டியர் முதுமையுற்றனர். அவர்தம் மக்கள் வசதியான புதிய வீடுகளுக்குச் சென்றனர். பழைய வீடுகள் சில, சுற்றுலா வருவோர் தங்கும் விடுதிகளாகிவிட்டன. காண வருவோர் கூட்டம் பெருகப் பெருக, அங்கு வாழ்வோர் குறைந்தால் அது என்ன முற்றம்? வாழ்வோர் இல்லாத முற்றம் கண்காட்சியாகலாம், வீடு ஆகாது. இதனை உணர்ந்தே அந்நகராட்சி, செடி வளர்த்துக் கதவு திறக்கும் வீட்டார்க்குப் பரிசும் உதவித்தொகையும் அளித்து ஊக்குகிறது. கட்டடத்தைக் காப்பது எளிது. அதில் ஒருவர் நாள்தோறும் நீர் ஊற்றும்படி செய்வதே அரிது.

முற்றம் போனால் போவது அழகு மட்டுமா? அன்று. மழையை வரவேற்ற மண் சிமெண்டுக்கு அடியில் மறைகிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடி ஊர்களுக்குள் புகுந்தது. அத்தகைய பெருவெள்ளத்தை வீட்டு முற்றங்கள் தடுத்திருக்கும் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும், ஆண்டுதோறும் பெய்யும் சிறுமழையை உண்டு கிணற்றுக்குத் தரும் மண், ஊரில் எங்கேனும் திறந்திருக்க வேண்டும் அன்றோ? வீட்டின் குளிர்ச்சி போகிறது. அதை ஈடுசெய்ய மின்சாரம் செலவாகிறது. மாலையில் கூடி அமரும் இடம் போகிறது; அதனை ஈடுசெய்ய எந்தப் பொருளையும் விலைக்கு வாங்க முடிவதில்லை. இவ்விழப்பே பெரிது.

பழைய வீடுகளை அப்படியே மீண்டும் கட்டுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால் முற்றத்தின் பண்பை மீட்பது இயலும். புதுவீடு கட்டுவோர் நடுவே நான்கு சதுர அடி வானத்தையேனும் விட்டு வைக்கலாம். வாயிலின் முன் முழுவதும் சிமெண்டு பூசாமல், ஒரு செம்பருத்திக்கு மண் விடலாம். அடுக்குமாடியில் வாழ்வோர், மாடிப்படியின் அருகே அனைவர்க்கும் பொதுவாக ஒரு பிச்சிக்கொடி வளர்க்கலாம். பள்ளிகள் பலவற்றில் வகுப்பறைகளுக்கு நடுவே திறந்தவெளி இருக்கிறது. அது மாணவர் அனைவர்க்கும் உரிய முற்றம். அதற்குள் நுழைய எவரும் எவரையும் தடுப்பதில்லை. முகம் கழுவும் நீர் அங்கே வீணாக ஓடுகிறது. அதன் வழியில் ஒரு கல்வாழை நட்டால், அது மறுகோடையிலேயே பூக்கும்.

செடி வைப்பது ஒரு நாள் வேலை. நீர் ஊற்றுவதோ ஒவ்வொரு நாள் வேலை. விழா எடுப்போர் பலர். விழா முடிந்தபின் குவளை ஏந்துவோர் சிலரே. கல்லிடைக்குறிச்சியின் தாழ்வாரத்திலும், நெல்லையின் வளவிலும், கார்டோபாவின் வெண்சுவர் ஓரத்திலும் மலர்கள் இத்தனை காலம் பூத்தமைக்குப் பேரரசர்கள் காரணம் அல்லர். பெயர் அறியப்படாத பல்லாயிரவர் காலையும் மாலையும் சுமந்த நீரே காரணம். அந்நீர் நிற்குமாயின் மலர் நில்லாது. மலர் நிற்கும் வீட்டிலேதான் அண்டை வீட்டார் வந்து அமர்வர், பேச்சு மலரும், அன்பு மணக்கும். கதவைத் திறந்து வைத்து, கையளவு மண்ணையும் காத்து நிற்போர்க்கு வானம் என்றும் சொந்தமாகும்.